மார்கழிக்குச் சென்னை போனால் எங்கே தங்குவது?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வேலையில்லாத் திண்டாட்டம், ஒருவர் சுற்றுச்சூழல், இன்னொருவர் வரதட்சணை. எல்லாம் பெரிய விஷயங்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். டிசம்பரில் சென்னைக்குப் போகிறவன் எந்தப் பேட்டையில் ரூம் எடுப்பது? "இதெல்லாம் ஒரு கட்டுரையாப்பா?" என்று என் பெஞ்சுக்காரனே சிரித்தான். படித்து முடித்துவிட்டு அவன் சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். செமஸ்டர் முடிந்ததும் நம் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு கூட்டம் தொழிற்பயிற்சிக்குச் சென்னை போகிறது. கிண்டி, அம்பத்தூர், கொஞ்சம் பேர் ஸ்ரீபெரும்புதூர். பதினைந்து நாள் பயிற்சி, ஒரு சர்ட்டிபிகேட், பிறகு ஊர். அதே பதினைந்து நாளில்தான் அந்த நகரம் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிறது! நவம்பர் கடைசியில் ஆரம்பித்து பொங்கல் வரைக்கும் சபா சபாவாகக் கச்சேரி. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையைத் தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசை நகரமாகச் சேர்த்தது. 2015இல் காசி, 2023இல் குவாலியர், நடுவில் நம் சென்னை. உலகமே ஒப்புக்கொண்ட இசை நகரத்துக்குப் போய்விட்டு, நம்மில் எத்தனை பேர் ஒரு பாட்டாவது கேட்டுவிட்டு வந்திருக்கிறோம்?

கேட்டால், "நேரம் இல்லை" என்பார்கள். சிலர் "அது நமக்கானது இல்லை" என்பார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. நாம் கேட்காமல் போவதற்கு முக்கியமான காரணம், நாம் தங்குகிற இடம். எங்கே படுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எதைக் கேட்கிறோம் என்பதும் அமைகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரேடியோ செட் வேலைக்குப் போகிறவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தல்காரருக்கு அடுத்தபடியாக வந்து இறங்குவது அப்பாதான். விடிகாலை சீர்காழி கோவிந்தராஜன், பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, பொழுது சாய்ந்தால் இளையராஜா என்று வரிசை அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவரோடு செட் போடப் போகும்போது சின்ன வயசில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "டேய், ஸ்பீக்கர் கிட்ட நிக்காத. கொஞ்சம் தள்ளி நடுவுல நில்லு. அப்பதான் நாலு பக்கத்து சத்தமும் சரியாக் கேக்கும்." இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டு ஆலோசனைகள்

சென்னையில் எங்கே தங்கலாம் என்று கேட்டால் இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும்.

ஒன்று, "கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடு, பஸ் காசு மிச்சம்" என்பது. இதைக் கேட்டவன் அம்பத்தூரில் இறங்கி அம்பத்தூரிலேயே ஏறி ஊருக்கு வந்துவிடுவான். மெஷினைத் தவிர எந்தச் சத்தமும் அவன் காதில் விழுந்திருக்காது.

இரண்டாவது, பத்திரிகைகளிலும் பயணப் புத்தகங்களிலும் வருவது. "இசை விழாவுக்கா? மயிலாப்பூரில் தங்குங்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆலோசனை யாருக்காக எழுதப்பட்டது என்று யோசிக்க வேண்டும். டிசம்பர் மாதத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எத்தனையோ மாதம் முன்பே அங்கே வீடு பிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவது நம் பர்ஸுக்கு எட்டாது.

போன வருஷம் நானே போய்க் கேட்டேன். ஒரு லாட்ஜில் (பெயர் வேண்டாம்) மேஜையில் இருந்தவர், "என்ன வேலையா வந்திருக்கீங்க தம்பி?" என்றார். "கிண்டியில டிரெய்னிங் சார், அப்படியே கச்சேரியும் கேக்கலாம்னு" என்றேன். வாடகையைச் சொன்னார். பதினைந்து நாளுக்குப் பெருக்கிப் பார்த்தேன். அப்பாவின் இரண்டு மாத வருமானத்துக்குக் கொஞ்சம் கூட. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இசை வீடு மாறிய கதை

மயிலாப்பூரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் "சென்னை இசை என்றால் மயிலாப்பூர்" என்று பிறக்கும்போதே எழுதி வைக்கப்படவில்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றிலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது, அவருக்கும் தங்க ஓர் இடம் வேண்டியிருந்ததல்லவா? அவர் தங்கியது மயிலாப்பூரில் இல்லை. இன்று நாம் பாரிமுனைக்குப் பின்னால் பார்க்கிற ஜார்ஜ் டவுனில், பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். அந்த முதலியாரின் ஊரான கோவூருக்கும் போய் அங்குள்ள சுவாமி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கோவூர் பஞ்சரத்தினம் என்று இன்றும் பாடுகிறார்கள். அவருடைய சீடர் வீணை குப்பையர் இருந்ததும் ஜார்ஜ் டவுன் முத்தியாலுப்பேட்டையில்தான். அந்தக் காலத்தில் வியாபாரிகளும் துபாஷிகளும் இருந்த இடம் அது. ஆதரிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள், ஆகவே பாட்டும் அங்கே இருந்தது.

பிறகு வக்கீல்களும் அதிகாரிகளும் தெற்கே மயிலாப்பூர்ப் பக்கம் குடிபோனார்கள். சங்கீதமும் மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனது. 1900இல் பார்த்தசாரதி சுவாமி சபா திருவல்லிக்கேணியில் தோன்றியது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்றைக்கு டி.டி.கே. சாலையில் இருக்கிற அதன் கட்டடத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962இல் திறந்தார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். எந்தப் பேட்டைக்கும் இசை சொந்தம் கிடையாது. கேட்கிற ஜனம் எங்கே குடியிருக்கிறதோ அங்கே அது போகிறது. வக்கீல் வீட்டுக்குப் பின்னால் போனது பாலிடெக்னிக் மாணவன் பின்னால் வராதா என்ன? ஆனால் நாம் கேட்கிறவர்களாக முதலில் இருக்க வேண்டும்.

பேட்டை பேட்டையாக

சரி, எந்தப் பக்கம் என்ன கேட்கும் என்று பார்ப்போம்.

முதலில் மயிலாப்பூர். அங்கே தங்க முடியாவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது. மார்கழி மாதம் விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பஜனை வரும். பாபநாசம் சிவன் அவர்கள் பல வருஷம் முன்னால் நின்று நடத்திய பஜனை அது. அவரும் தஞ்சைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான். அதற்கு டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. தெருவில் நின்று கேட்கலாம், கூடவே நடக்கலாம். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து பல சபாக்களில் கச்சேரி இலவசம். அந்த நேரத்தில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள், இப்போதுதான் மேலே வருகிறவர்கள். சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பெரிய வித்வான் என்றால் நம்மால் முடியாது. அதனால் குடி முழுகிவிடாது.

மயிலாப்பூரைப் பற்றி இன்னொரு செய்தி. தன்ராஜ் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். மேற்கத்திய இசை சொல்லிக்கொடுப்பவர். அவருக்குப் பெரிய பங்களா எதுவும் இல்லை. மயிலாப்பூர் சாய் லாட்ஜில் ஓர் அறை, அவ்வளவுதான். 1960களின் கடைசியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா பாடம் கேட்டது அங்கேதான். நண்பர்களே, ஒரு லாட்ஜ் ரூம்! எங்கே தங்குவது என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து பாரிமுனைப் பக்கம். உயர் நீதிமன்றத்துக்கு அருகில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுகள் துக்கடாவாக, கடைசியில் ஒப்புக்குப் பாடப்பட்ட ஒரு காலம் உண்டு. "நம் பாஷையில் பாடினால் என்ன?" என்று எழுந்த இயக்கம்தான் தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் ஆரம்பமானது, 1952இல் இந்த மன்றம் எழுந்தது. இங்கேயும் டிசம்பரில்தான் விழா. முழுக்க முழுக்கத் தமிழ்ப் பாட்டு. என்னைப் போல வார்த்தை புரிந்தால்தான் பாட்டு மனசில் நிற்கும் என்கிறவர்கள் ஆரம்பிக்க வேண்டிய இடம் இது. தமிழிசை பற்றிப் பேச்சுப் போட்டியில் முழங்குகிற நம் நண்பர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

மூன்றாவது கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம். நாம் எல்லோரும் வளர்ந்த சினிமாப் பாட்டு பிறந்த இடம். ஒரு காலத்தில் ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர் கூட உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த வயலின்காரர்களும் தபேலாக்காரர்களும் ஸ்டூடியோவுக்குச் சட்டென்று போகவேண்டும் என்று அந்தப் பக்கமே குடியிருந்தார்கள். சினிமா இசைக் கலைஞர்கள் சங்கம் இருப்பதும் வடபழனியில். ஆனால் அங்கே ரூம் எடுத்தால் பாட்டுக் கேட்குமா? கேட்காது. ஒலிப்பதிவு நடப்பது மூடிய கதவுக்குள். பாட்டு பிறக்கிற இடமும் பாட்டுக் கேட்கிற இடமும் வேறு வேறு. இதைத் தெரியாமல் கோடம்பாக்கத்தில் தங்கி, ஸ்டூடியோ வாசல் கூர்க்காவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் சீனியர்களிலேயே உண்டு!

நான்காவது வட சென்னை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு. அங்கே இருப்பது கானா. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதைச் சினிமாவில் பரப்பினார். 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது கானா பாலாவின் குரல் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது. என் அப்பாவின் செட்டிலும் பாடியது. ஆனால் கானாவின் சொந்த வீடு சினிமா இல்லை. தெருமுனை, திண்ணை, முக்கியமாகச் சாவு வீடு. செத்தவரைப் பற்றி, அவர் பட்ட பாட்டைப் பற்றி ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கேமராவோடு கிளம்பிவிடாதீர்கள். அது வேடிக்கை இல்லை. ஒரு குடும்பத்தின் துக்கம். அழைத்தால் போக வேண்டும், இல்லாவிட்டால் போகக் கூடாது. மேடையில் கேட்க வழி இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் கிடாரையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று ஆரம்பித்தது. பெயரே பதில் சொல்கிறது பாருங்கள். மார்கழி யாருக்கு என்ற கேள்விக்கு அது பதில்.

தெற்கே கடலோரத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் இடத்திலேயே மேடை போட்டு ஒரு விழா எடுத்தார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து செய்தது. சபாவில் கேட்கிற சங்கீதம் மீன் வலைக்குப் பக்கத்தில் கேட்டது. சங்கீதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

என் ஓட்டு திருவல்லிக்கேணிக்கு

இப்போது படத்தை மனசில் வரையுங்கள். மேலே வட சென்னை, அதற்குக் கீழே பாரிமுனை, மேற்கே கோடம்பாக்கம், தெற்கே மயிலாப்பூர், அதற்கும் தெற்கே பெசன்ட் நகர். நடுவில் எது? திருவல்லிக்கேணி. அப்பா சொன்ன மாதிரி, எந்த ஸ்பீக்கருக்கும் ஒட்டாமல் நடுவில்.

பறக்கும் ரயில் இங்கே நிற்கிறது. தெற்கே மூன்றாவது ஸ்டேஷன் திருமயிலை. வடக்கே நான்காவது கோட்டை, அங்கிருந்து ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு நடை. ஐந்தாவது கடற்கரை, அங்கே மாறினால் ராயபுரம். மூன்றாவது ஸ்டேஷனான பார்க் டவுனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பூங்கா ஸ்டேஷன். அங்கே தாம்பரம் வண்டி பிடித்தால் கோடம்பாக்கம், மாம்பலம், கிண்டி. அதே இடத்தில் சென்ட்ரல் புறநகர் ஸ்டேஷனில் ஏறினால் அம்பத்தூர். ஆகப் பயிற்சிக்கும் பிரச்சினை இல்லை, பாட்டுக்கும் பிரச்சினை இல்லை. மியூசிக் அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். முக்கால் மணி நேரம் கூட ஆகாது.

தங்குவதற்கு மேன்ஷன்கள். வேலை தேடி வந்தவர்கள், சினிமாவில் சான்ஸ் தேடுகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வெளியூர்ப் பையன்களைத் தாங்கிய கட்டடங்கள். சும்மா சொல்லக் கூடாது, கஷ்டமும் உண்டு. ஒரு கட்டில், ஒரு ஆணி, காலையில் பாத்ரூமுக்கு வரிசை, தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்திருக்காவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் அங்கே இருந்ததால் அவர் ரூமில் தரையில் பாய் போட்டுக்கொண்டேன். மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. விடிகாலையில் பெரிய மசூதியிலிருந்து பாங்கு சத்தம், கொஞ்ச நேரத்தில் பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து திருப்பாவை. இரண்டையும் பாயில் படுத்தபடியே கேட்டேன். இதற்கு எந்த சபாவில் டிக்கெட் விற்கிறார்கள்?

பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடும் இங்கேதான், இப்போது நினைவில்லமாக இருக்கிறது. வித்வான்கள் போகிற இடமெல்லாம் அதே ஏழெட்டுப் பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள் என்று சங்கீதத்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே கோபமாக எழுதியவர் அவர். கேட்கிறவனுக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு என்று எனக்குத் தைரியம் வந்தது அதைப் படித்த பிறகுதான்.

மாணவியருக்கு

மேன்ஷன் என்பது ஆண்களுக்கு மட்டும். இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். நம் வகுப்பில் பயிற்சிக்குப் போகிற மாணவியர் பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறார்கள். அது திருவொற்றியூரோ ஆவடியோ, அவர்கள் கையில் இல்லை. அவர்களுக்கு எந்தப் பேட்டை என்ற தேர்வே கிடையாது. "ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்பது கூடவே வரும் உத்தரவு.

வேப்பேரிப் பக்கம் ஒய்.டபிள்யூ.சி.ஏ. போன்ற அமைப்புகளின் விடுதி இருக்கிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து தங்கினால் கட்டுப்படியாகலாம், முன்பே எழுதிக் கேட்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஆரம்பித்தார்கள். அதனால் தூரத்தின் செலவு குறைந்தது. பகல் கச்சேரி பன்னிரண்டுக்கு ஆரம்பித்து நாலுக்குள் முடிகிறது, வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலை. ஆண்களாகிய நாம், நம் வீட்டுத் தங்கைக்கு நாளைக்கு அந்த அனுமதியைக் கொடுப்போமா என்றும் யோசிக்க வேண்டும்.

"கேன்டீன் அந்தப் பக்கம்"

"இதெல்லாம் சரி, ஆனா உள்ளே போனா நம்மள மதிப்பாங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் கச்சேரிக்கு ஒரு சபாவுக்குப் போனேன். கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு. வாசலில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேன்டீன் வேலைக்கா? அந்தப் பக்கமாப் போப்பா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மாதிரிச் சட்டை போட்டவர்கள் அந்த வாசலில் வேறு எதற்கும் வந்து அவர் பார்த்ததில்லை. "கச்சேரி கேக்க வந்தேன் சார்" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார், வழிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

உள்ளே என்னைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட இருக்கும், ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்த்து நானும் எட்டு எட்டாக எண்ண ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ தப்பிப் போனது. அவர் என் பக்கம் திரும்பி, கையைக் கொஞ்சம் பெரிதாக அசைத்துப் போட்டார், நான் மறுபடியும் பிடித்துக்கொள்ளட்டும் என்று. ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. வாசலில் நின்றவரும் அதே சபாதான், இந்தப் பெரியவரும் அதே சபாதான். ஒருவரைப் பார்த்துவிட்டு நாம் திரும்பி வந்துவிட்டால் இன்னொருவரைப் பார்க்கவே மாட்டோம்.

நம் நண்பர்களில் சிலர், "சபா அவங்களோடது, கானா நம்மளோடது, நமக்கு அது போதும்" என்று சொல்கிறார்கள். கேட்க வீரமாக இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை நாள் வாசலில் நிறுத்தினார்கள் என்பதற்காக, இனி நாமே வாசலில் நின்றுகொள்வதா? கானாவும் வேண்டும், காம்போதியும் வேண்டும். அந்த சபாவில் வயர் போட்டவனும், மைக் மாட்டினவனும், நாற்காலி அடுக்கினவனும் நம் வீட்டு ஆள்தானே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க மட்டும் நமக்கு உரிமை இல்லையா?

பேரவைக்கு ஒரு கோரிக்கை

பேசிவிட்டுப் போவதால் பயன் இல்லை. நம் மாணவர் பேரவை மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பேரவை அறையில் ஒரு நோட்டு வைக்க வேண்டும். பயிற்சிக்குப் போய் வந்த ஒவ்வொருவரும் எங்கே தங்கினோம், என்ன வாடகை, தண்ணீர் எப்படி, எந்த ரயில், எந்த மெஸ் என்று எழுதி வைக்க வேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு யார் இருக்கிறார்கள்? நமக்கு நாமேதான் சித்தப்பா.

இரண்டாவது, மாணவியருக்கான விடுதிகளுக்குப் பேரவையே கல்லூரிக் கடிதத்தோடு செப்டம்பரிலேயே எழுதிக் கேட்க வேண்டும். தனித்தனியாகப் போய் நின்றால் கிடைக்காதது, கல்லூரி முத்திரையோடு போனால் கிடைக்கும். வீட்டில் அனுமதி கேட்கவும் அந்தக் கடிதம் உதவும்.

மூன்றாவது, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, சென்னையில் பயிற்சியில் இருக்கிற நாம் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். விடிகாலை மாட வீதி பஜனை, பகலில் ஒரு சபா, மாலையில் அண்ணாமலை மன்றமோ மக்களிசை மேடையோ. பத்துப் பேர் சேர்ந்து போனால் வாசலில் நிற்கிறவர் கேன்டீனைக் காட்ட மாட்டார்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று, தபால் தலை கொஞ்சம், அவ்வளவுதான். நோட்டைப் பேரவை வாங்கட்டும். திருவல்லிக்கேணி பற்றிய முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.